எலுமிச்சம் பழமும் ஜாக்கியும்

லாரி ஒன்று வாங்கினால் நம் மக்கள் முதலாவதாகச் செய்கிற காரியம், சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம் பழத்தை வைத்து நசுக்குவதும், பூசணிக்காய் உடைப்பதும், முன்பக்கத்தில் மிளகாயும் பழமும் கோத்துத் தொங்க விடுவதுமேயாகும். லாரியைச் செய்தவன் கொடுத்த புத்தகத்தைப் பிரித்துப் பார்க்கிறவர்கள் மிகச் சிலரே. தார் ரோட்டில் ஓடுகிற வரையில் இதனால் வருகிற கெடுதி வெளியில் தெரிவதில்லை. ரோட்டை விட்டுக் கண்மாய்க் கரையிலும் வண்டிப் பாதையிலும் இறங்கினவுடன்தான் பழத்தின் யோக்கியதை வெளியாகிறது.

ஒக்கூர்ப் பக்கத்து நிலத்தை அறிந்தவர்களுக்கு நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் கல்லைப் போல் இறுகிக் கிடக்கும் செம்மண், ஒரு மழை பெய்துவிட்டால் வரத்துக்கால் குறுக்கிடுகிற இடங்களில் சக்கரத்தையே விழுங்கும். சென்ற மழைக்காலத்தில் நாமும் நண்பர்கள் சிலரும் செங்கல் ஏற்றிய லாரியில் அப்படிப்பட்ட பாதையில் போனபோது, பின்சக்கரங்கள் அச்சுவரை புதைந்துவிட்டன. உடனே ஒருவர், "புறப்படும்போதே பூனை குறுக்கே போயிற்று" என்றார். மற்றொருவர், எல்லைச் சாமிக்குச் சூடம் கொளுத்தாததே காரணம் என்றார். டிரைவரோ ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்துக் குழியை இன்னும் ஆழமாக்கிக் கொண்டிருந்தார். பூனை தோண்டிய குழி எத்தனை அங்குலம், மிதி தோண்டிய குழி எத்தனை அங்குலம் என்று அளந்து பார்க்க எவருக்கும் தோன்றவில்லை!

முடிவில் லாரியை வெளியேற்றியது எது? பாரத்தை இறக்கினோம். சக்கரத்துக்கு முன்னால் மண்ணைச் சரிவாக வெட்டினோம். டயரில் காற்றைக் குறைத்தோம். காற்றுக் குறைந்தால் டயர் அகன்று, பாரம் அதிக இடத்தில் பரவும். கல்லும் சாக்கும் போட்டு, முதல் கியரில் மெதுவாக எடுக்க, லாரி மேடேறிற்று. மறுபடி காற்றடித்த பிறகே செங்கல் ஏற்றப்பட்டது. இதில் எந்தச் சாமிக்கு என்ன வேலை?

இன்னொரு சங்கதி. செங்கல்லை இறக்கவும் தள்ளவும் தோள் கொடுத்தவர்கள் பக்கத்து வயலில் வேலை செய்த சேரித் தோழர்கள். காப்பி வந்தபோது அவர்களுக்கு மாத்திரம் தனிக் குவளை தேடினார் ஒருவர்! சேற்றில் தோளோடு தோள் உராய்ந்தபோது இல்லாத தீட்டு, குவளையில் எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். பதில் இல்லை. எல்லோருக்கும் ஒரே குவளைகளில்தான் காப்பி ஊற்றப்பட்டது.

"பழம் வைத்தால் டிரைவருக்கு ஒரு மனத்தைரியம்தானே, அதனால் என்ன நஷ்டம்?" என்று சிலர் சமாதானம் சொல்லுவார்கள். அறிவில்லாத தைரியமே பெரிய நஷ்டம் என்போம். கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால், பழம் கட்டிய லாரியானாலும் ஆவி முகத்தை வேகவைத்துவிடும். சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுக்காமல், இளகிய மண்ணில் பலகையும் போடாமல் ஜாக்கி வைத்தால், சரிகிற லாரி அடியில் இருப்பவன் பக்தனா நாத்திகனா என்று பார்க்காது. இழுக்கும் கம்பிவடம் அறுந்தால் பக்கத்தில் நிற்பவனைத் தாக்கும். டீசல் குழாயில் காற்றுப் புகுந்து இஞ்சின் நின்றால், திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்து, குமிழி நின்று சுத்த டீசல் வரும்வரை விட வேண்டுமேயல்லாது, தேங்காய் உடைத்துப் பயனில்லை.

1955-ல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் அறுவர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து புறப்பட்டு, பாலைவனமும் பர்மாக் காடும் கடந்து 1956-ல் சிங்கப்பூர் சேர்ந்தார்கள். பழுது பார்க்கத் தெரிந்தவனைக் கூட்டிக்கொண்டு போனார்களேயொழிய, புரோகிதனை அல்ல. அவ்வளவு தூரம் போவானேன்? நம் கோயமுத்தூர் ஜி.டி. நாயுடு, மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டியே தொழில் கற்றுக்கொண்டு, 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டவர். இந்த வித்தை எந்த ஜாதிக்கும் பிறவிச் சொத்தல்ல. கையில் கிரீஸ் பட அஞ்சாதவனுக்கெல்லாம் அது சொந்தம்.

ஆகவே, லாரி ஓட்டும் தோழர்களே! பூஜைக்குச் செலவிடும் பணத்தில் ஸ்பானர், மண்வெட்டி, வடக்கயிறு, காற்றடிக்கும் பம்பு, ஒரு ஃபேன் பெல்ட், ஒரு குடம் தண்ணீர் இவற்றைச் சேகரித்து வையுங்கள். காட்டுப் பாதையில் தனியாகப் போகாதீர்கள். வண்டி நின்றால் யார் கண் பட்டது என்று தேடாமல், எந்தத் திருகு தளர்ந்தது என்று தேடுங்கள். தோள் கொடுத்தவனுக்குக் கூலியோடு சமமான மரியாதையும் கொடுங்கள்.