பழைய கணினியைத் தூக்கிப் போடுவதற்கு முன்

தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும் காலம் வந்தால் போதும், தாமானுக்குள் 'பேப்பர் லாமா' லோரி ஒலிபெருக்கியோடு வலம்வரத் தொடங்கிவிடும். பழைய பத்திரிகை, பழைய மின்விசிறி, பழைய துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றோடு ஸ்டோர் அறையில் தூசி படிந்து கிடக்கும் பழைய கணினியும் அதில் ஏறிவிடுகிறது. சில வெள்ளி கையில் வரும். இடமும் காலியாகும். ஆனால், அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று யாராவது பார்த்தோமா?

கடந்த வருடம் கிள்ளான் பக்கத்திலிருந்து ஒரு நண்பர் என்னைத் தேடி வந்தார். அவருடைய தந்தை தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்போது அவர் காலமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. நண்பரின் காரின் பின்பகுதியில் மஞ்சள் நிறமேறிய ஒரு கணினிப் பெட்டியும், பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு வெளிப்புற வன்தட்டும் இருந்தன.

"அண்ணே, தோட்டத்தப் பத்தி அப்பா ஒரு புத்தகம் எழுதிக்கிட்டே இருந்தாரு. அச்சுக்குக் கொடுக்கறதுக்குள்ள போயிட்டாரு. எல்லாம் இதுலதான் இருக்கும்னு அம்மா சொல்றாங்க. முதலாமாண்டு நினைவு நாளுக்குள்ள போட்டுடணும்னு ஆச. கடையில கேட்டா, இது செத்துப் போன பெட்டி, புதுசு வாங்கிக்கோங்கன்னு சொல்றாங்க."

கணினி செத்துப் போனது உண்மைதான். மின்சாரப் பெட்டி எரிந்திருந்தது. ஆனால், கணினி செத்தால் அதன் வன்தட்டும் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. மின்விளக்கு பியூஸ் போனதற்காக யாரும் அலமாரியில் இருக்கும் நகையைத் தூக்கிப் போடுவதில்லையே!

தட்டுக்குள் என்ன நடக்கிறது?

வன்தட்டு என்பது காந்தப் பூச்சு கொண்ட வட்டத் தட்டுகளின் அடுக்கு. தட்டு சுழலும்போது அதற்கு மேலே ஒரு சிறிய முனை மிதந்துகொண்டே படிக்கும், எழுதும். 1956ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல விட்டம் கொண்ட 50 தட்டுகள் இருந்தன. அத்தனை பெரிய இயந்திரத்தில் சேமிக்க முடிந்தது 5 மில்லியன் எழுத்துகள் மட்டுமே. இன்று நம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படமே கிட்டத்தட்ட அந்த அளவு இருக்கும்.

ஒரு கோப்பை நாம் அழிக்கும்போது, கணினி அந்தக் கோப்பைத் தேடிப் போய்த் துடைப்பதில்லை. 'இந்த இடம் காலி, இனி வேறு எதையாவது எழுதிக்கொள்ளலாம்' என்று தன் பட்டியலில் குறித்து வைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான். புத்தகத்தின் பொருளடக்கத்தில் ஒரு வரியை அடித்துவிட்டாலும் அந்த அத்தியாயம் உள்ளே அப்படியே இருப்பதைப் போல. அந்த இடத்தில் புதிதாக ஒன்று எழுதப்படும் வரை பழையது இருக்கும். விரைவு 'ஃபார்மட்' செய்தாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

அதனால்தான் முதல் விதி: கோப்பு காணாமல் போன தட்டில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். மீட்பு மென்பொருளைக்கூட அதே தட்டில் நிறுவக் கூடாது. அது போய் உட்காரும் இடம் நீங்கள் தேடும் படத்தின் இடமாக இருக்கலாம்.

வெளியே எடுத்து இணைப்பது

நண்பரின் கணினி 1999இல் வாங்கியது. உள்ளே இருந்தது 8.4 கிகாபைட் வன்தட்டு. அந்தக் காலத்துத் தட்டுகள் 'ஐடிஇ' வகை. பின்புறம் 40 ஊசிகள் இரண்டு வரிசையாக இருக்கும், அகலமான பட்டை ஒயர் வந்து சேரும். 2003 வாக்கில் வந்த 'சாட்டா' வகையில் மெல்லிய ஒயரும் தட்டையான இணைப்பும் இருக்கும். உங்கள் தட்டு எந்த வகை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வகையையும் யுஎஸ்பி வழியாக இன்றைய மடிக்கணினியோடு இணைக்கும் அடாப்டர் கணினிக் கடைகளில் கிடைக்கிறது. ஒரு குடும்பம் வெளியே போய்ச் சாப்பிடும் செலவுக்குள் முடிந்துவிடும். மேசைக் கணினியின் 3.5 அங்குலத் தட்டுக்கு 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். யுஎஸ்பி அதைத் தராது. ஆகவே தனி மின்சார இணைப்போடு வரும் அடாப்டரைக் கேட்டு வாங்குங்கள். ஐடிஇ தட்டாக இருந்தால் பின்புறமுள்ள சிறிய 'ஜம்பர்' மாஸ்டர் என்ற இடத்தில் இருக்க வேண்டும். பலர் இதைக் கவனிக்காமல், தட்டு வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இணைத்தோம். தட்டு சீராகச் சுழலும் ஓசை கேட்டது. நண்பரின் முகம் மலர்ந்தது. ஆனால், திரையில் விண்டோஸ் ஒரு செய்தியைக் காட்டியது: இந்தத் தட்டைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?

வாசகர்களே, இந்தக் கேள்விக்கு 'வேண்டாம்' என்பதே ஒரே பதில். தட்டின் தொடக்கப் பகுதி பழுதாகிவிட்டதால் விண்டோசுக்கு அதை அடையாளம் தெரியவில்லை. அதற்காக உள்ளே ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது.

முதலில் நகல், பிறகு தேடல்

பழைய தட்டு எந்த நிமிடமும் நின்றுபோகலாம். அதனால் அதில் நேரடியாகத் தேடிக்கொண்டிருக்காமல், முழுத் தட்டையும் ஒரே கோப்பாக நகலெடுத்துக்கொள்வது நல்லது. லினக்சில் இயங்கும் 'டிடிரெஸ்கியூ' என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே உருவானது. முதலில் சுலபமாகப் படிக்க முடிந்த பகுதிகளை எடுத்துவிட்டு, பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். பாதியில் நின்றாலும், விட்ட இடத்திலிருந்து தொடரும். அதன்பின் எல்லாத் தேடலையும் நகலில் செய்துகொள்ளலாம். மூலத் தட்டுக்கு ஓய்வு.

நகலின் மீது 'டெஸ்ட்டிஸ்க்' என்ற மென்பொருளை ஓட்டினோம். தொலைந்த பகுதியை அது கண்டுபிடித்து, உள்ளே இருந்த கோப்புகளின் பெயர்களைப் பட்டியலிட்டது. அவற்றை வேறொரு தட்டுக்கு நகலெடுத்தோம். இதன் உடன்பிறப்பு 'ஃபோட்டோரெக்'. இரண்டுமே இலவசம். ஃபோட்டோரெக் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு வகைக் கோப்பின் தொடக்கத்திலும் இருக்கும் அடையாளத்தை வைத்துத் தட்டு முழுவதையும் சலித்து எடுக்கும். பெயர் படத்துக்கு மட்டுமே என்றாலும் ஆவணங்களையும் மீட்கும். ஆனால், பழைய கோப்புப் பெயர்கள் திரும்ப வாரா. ஆயிரக்கணக்கில் எண்களோடு வந்து விழும். பொறுமையாக உட்கார்ந்து பிரிக்க வேண்டும். லினக்சும் கட்டளை வரியும் பழக்கமில்லாதவர்கள், ஆரோக்கியமான தட்டில் தவறுதலாக அழித்த கோப்புக்கு விண்டோசில் ஓடும் 'ரெகுவா'வை முயன்று பார்க்கலாம்.

கோப்பு வந்தது, தமிழ் வரவில்லை

'தோட்டம்' என்று ஆங்கில எழுத்தில் பெயரிட்ட கோப்புறையில் 14 ஆவணங்கள் இருந்தன. ஒன்றைத் திறந்தோம். திரை முழுக்க உச்சிக் குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகள். நண்பர் தலையில் கை வைத்துவிட்டார். "எல்லாம் கெட்டுப் போச்சா அண்ணே?"

கெடவில்லை. இது தமிழர்களாகிய நமக்கே உரிய ஒரு சிக்கல். யுனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்தது. ஆனால், விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் சாதாரண மேசைக் கணினியில் அது புழங்கத் தொடங்கியது. அதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு அஞ்சல், பின்னர் வந்த திஸ்கி, 1999இல் தமிழ்நாட்டில் தரப்படுத்திய தாப், தாம், இலங்கைத் தமிழரிடையே பரவிய பாமினி எனப் பல. அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் தமிழ் வெறும் குப்பையாகத்தான் தெரியும்.

கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி. திரையில் தெரிவது சாதாரண ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியுமாக இருந்தால், பாமினி போன்ற ஒன்றாக இருக்கலாம். உச்சிக் குறியிட்ட ஐரோப்பிய எழுத்தாக இருந்தால், திஸ்கி அல்லது தாப் என்று தொடங்கிப் பாருங்கள். வேர்ட் ஆவணமாக இருந்தால் இன்னும் சுலபம். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் மேலே உள்ள பெட்டியில் தெரியும்.

பிறகு 'என்எச்எம் கன்வர்ட்டர்' போன்ற குறியீடு மாற்றியைப் பயன்படுத்தி யுனிகோடுக்கு மாற்றலாம். மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் செய்யுங்கள். பாமினி போன்ற எழுத்துருவில் எழுதியதற்கு நடுவே ஆங்கிலச் சொல் இருந்தால், அதுவும் தமிழ் என நினைத்துக் குழப்பிவிடும். அந்த இடங்களைக் கையால்தான் திருத்த வேண்டும்.

திஸ்கி என்று தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினோம். தோட்டத்து மாரியம்மன் கோயில் எப்படி எழும்பியது என்ற அத்தியாயம் தெளிவான தமிழில் வந்து நின்றது. நண்பர் இரண்டு வரி படித்தார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார். நான் பின்னால் போகவில்லை.

இன்னொரு தட்டின் கதை

இத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால், பிளாஸ்டிக் பையில் இன்னொரு தட்டு இருந்ததே!

அதில் இருந்தவை குரல் பதிவுகள். பால்மரம் வெட்டிய முதியவர்களை உட்காரவைத்து ஆசிரியர் எடுத்த பேட்டிகள். பேசியவர்களில் பலர் இன்று இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் தட்டு மேசையிலிருந்து விழுந்திருக்கிறது. அதன் பிறகு 'டிக்... டிக்...' என்று ஒரே சீரான சத்தம். காணொளி ஒன்றைப் பார்த்த நண்பர், திருகாணியைக் கழற்றி மூடியைத் திறந்து, முனையை விரலால் நகர்த்தி, மூடி, மறுபடியும் ஓட்டியிருக்கிறார். அப்பா கவலைப்படுகிறாரே என்ற பாசத்தில் செய்தது.

தட்டுக்கும் முனைக்கும் இடையிலுள்ள இடைவெளி தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைவு. ஒரு தூசி போதும் சிராய்ப்பதற்கு. அதனால்தான் மீட்பு நிலையங்கள் தூசியற்ற அறையில் வைத்துத் திறக்கின்றன. அந்தத் தட்டை அப்படிப்பட்ட ஒரு நிலையத்திற்கு அனுப்பினோம். தட்டின் மேற்பரப்பு வட்டமாகச் சுரண்டப்பட்டுவிட்டது, எடுக்க ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. காந்தப் பூச்சே உதிர்ந்த பிறகு எந்த மென்பொருளாலும் பயனில்லை.

ஆகவே இவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டு 'டிக் டிக்' என்றாலோ, உரசும் ஓசை கேட்டாலோ உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று ஓட்டிப் பார்க்காதீர்கள்.

தட்டைத் திறக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சரியாகும் என்ற பழைய வைத்தியமும் வேண்டாம். வெளியே எடுத்ததும் ஈரம் கோத்துக்கொள்ளும்.

வெள்ளத்தில் நனைந்த தட்டுக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். முடி உலர்த்தியால் காய வைக்கவும் வேண்டாம். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்த வெள்ளத்தை மறந்திருக்க மாட்டோம். சேறு காய்ந்து தட்டில் ஒட்டிக்கொண்டால் வேலை இன்னும் கடினம். ஈரம் காயாமல் பையில் மூடி, சீக்கிரம் மீட்பு நிலையத்திடம் கொடுங்கள்.

நிலையத்திற்குப் போகும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். பரிசோதிக்க எவ்வளவு? மீட்க முடியாவிட்டாலும் கட்டணம் உண்டா? மீட்ட கோப்புகளின் பட்டியலை முதலில் காட்டுவீர்களா?

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இன்றைய மடிக்கணினிகளில் இருக்கும் எஸ்எஸ்டி வகைக்கு இந்த நம்பிக்கை குறைவு. அழித்த இடங்களை அதுவே பின்னணியில் உண்மையாகவே துடைத்துவிடும். அங்கே அழித்தது பெரும்பாலும் அழிந்ததுதான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நாம் மீட்க முடிந்ததை மற்றவரும் மீட்கலாம். அடையாள அட்டை நகல், வங்கிக் கணக்கு விவரம் இருந்த தட்டை அப்படியே லோரியில் ஏற்றாதீர்கள். வேண்டியதை எடுத்துக்கொண்டு, தட்டு முழுவதும் மேலெழுதி அழிக்கும் மென்பொருளை ஓட்டுங்கள். ஓடாத தட்டென்றால் உள்ளிருக்கும் வட்டத் தட்டைச் சேதப்படுத்திவிட்டுக் கொடுங்கள்.

முக்கியமான எதற்கும் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வீட்டுக்கு வெளியே. இதுதான் துறையில் சொல்லும் கணக்கு. ஆசிரியரின் பேட்டிகளுக்கு ஒரே ஒரு பிரதிதான் இருந்தது.

புத்தகம் நினைவு நாளன்று வெளிவந்தது. அதன் கடைசிப் பக்கங்களில், பேட்டி கொடுத்தவர்களின் பெயர்கள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. ஆசிரியர் தட்டச்சு செய்து வைத்திருந்த பட்டியல் அது. அவர்களின் குரலைக் கேட்டவர் வேறு யாராவது இருந்தால் எழுதித் தருமாறு நண்பர் கீழே குறிப்பு போட்டிருக்கிறார். இதுவரை இரண்டு பேர் தொலைபேசியில் அழைத்திருக்கிறார்கள்.

இந்த ஞாயிறு உங்கள் ஸ்டோர் அறையை ஒருமுறை பாருங்கள். லோரி அடுத்த வாரமும் வரும்.