பெண்கள் பந்தாட்டமும் ஆண்கள் உத்தியோகமும்

அமெரிக்காவில் கல்லூரிப் பெண்களுக்குக் கால்பந்தாட்டம் கற்றுக்கொடுப்பது இன்று ஒரு கௌரவமான உத்தியோகமாகிவிட்டது. அந்த உத்தியோகத்திற்குப் போகும் வழி எது, அந்த வழியில் காவல் நிற்பவர்கள் யார் என்பதைப் பற்றியே இங்கு பேச விரும்புகின்றோம்.

1972-ம் வருஷம் ஜூன் 23-ந் தேதி ஜனாதிபதி நிக்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். சர்க்கார் பணம் வாங்கும் எந்தக் கல்விச் சாலையும் ஆண் பெண் வித்தியாசம் பாராட்டக் கூடாது என்பது அதன் ஒன்பதாம் பிரிவு. அதன் பயனாய்ப் பெண்களுக்கு மைதானம் கிடைத்தது. உபகாரச் சம்பளமும் கிடைத்தது. ஆனால் அகோஸ்டா, கார்பென்டர் என்ற இரண்டு பேராசிரியைகள் பல வருஷமாய் எடுத்து வந்த கணக்கைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரிகின்றது. 1972-ல் எல்லா ஆட்டங்களையும் சேர்த்து, கல்லூரிப் பெண்கள் கோஷ்டிகளில் 100-க்கு 90-க்கு மேல் பெண்களே பயிற்சியாளர்கள். 2014-ல் 100-க்கு 43 தான்! காசில்லாத காலத்தில் அது பெண்கள் வேலை. காசு வந்தவுடன் அது ஆண்கள் வேலை. வீட்டில் அடுப்பூதுவது பெண்ணின் தர்மமாம். கூலி பேசிக் கல்யாண விருந்து சமைக்க மட்டும் ஆண் வந்து கரண்டி பிடிப்பானாம். அந்த நியாயந்தான் இது.

வட கரோலினா சர்வகலாசாலையில் ஆன்சன் டோரன்ஸ் என்பவர் 1977 முதல் ஆண்கள் கோஷ்டிக்குப் பயிற்சியாளர். (இவர் பிறந்தது நம் பம்பாயில், 1951-ல்.) 1979-ல் பெண்கள் கோஷ்டியும் அவர் கையில் கொடுக்கப்பட்டது. 1988 வரை இரண்டையும் அவரே நடத்தினார். 2024-ல் விலகுவதற்குள் என்.சி.ஏ.ஏ. என்னும் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் பெண்கள் பட்டத்தை 21 தடவை ஜெயித்தார். அவர் திறமையை நாம் மறுக்கவில்லை. கேட்பதெல்லாம், எந்தப் பெண்ணையாவது கூப்பிட்டு, "பெண்கள் கோஷ்டியோடு இந்த ஆண்கள் கோஷ்டியையும் பார்த்துக்கொள்" என்று யாராவது சொன்னார்களா என்பதுதான்.

சந்தர்ப்பம் கிடைத்த பெண்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். பெக்கி பர்லி என்ற பெண் 21-வது வயதில் பெரி காலேஜுக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். பிறகு புளோரிடா சர்வகலாசாலை 1995-ல் புதிதாய் ஆரம்பித்த கோஷ்டியை ஏற்று, நாலாவது வருஷமே, 1998-ல், அந்த டோரன்சின் கோஷ்டியை 1-0 என்று தோற்கடித்துத் தேசப்பட்டம் பெற்றார். மார்கரித் அவோசாசா ஸ்டான்போர்டில் ஏழு வருஷம் உதவிப் பயிற்சியாளராய் உழைத்து, யு.சி.எல்.ஏ.வில் தலைமைக்கு வந்த முதல் வருஷமே, 2022-ல், அதே வட கரோலினாவை 3-2 என்று வென்றார். தலைமைப் பதவிக்கு வந்த முதல் வருஷத்திலேயே பெண்களுக்கான முதல் தரப் பட்டத்தை ஜெயித்தவர் அவருக்கு முன் ஆணிலும் இல்லை, பெண்ணிலும் இல்லை.

"பெண்களுக்குக் குழந்தை குட்டி உண்டே, ஊர் ஊராய்ப் போய் ஆட்டக்காரிகளைத் தேடுவதும், சனி ஞாயிறெல்லாம் பந்தயத்திற்குப் போவதும் அவர்களால் ஆகுமா?" என்கின்றார்கள். ஆண் பயிற்சியாளர்களுக்குக் குழந்தைகள் இல்லையா? அவர்கள் ஊர் சுற்றும்போது அக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது யார்? ஆண் விண்ணப்பம் போட்டால் கேட்காத இக்கேள்வியைப் பெண்ணிடம் மாத்திரம் கேட்டுவிட்டு, பிறகு "பெண்கள் விண்ணப்பமே போடுவதில்லை" என்று புலம்புவது எந்த ஊர் யோக்கியம்?

"ஆண் பிள்ளைகள் பெண் சொல் கேட்பார்களா?" என்பது மற்றொரு சாக்கு. மேற்படி 2014-ம் வருஷக் கணக்கில் ஆண்கள் கோஷ்டிகளில் பெண் பயிற்சியாளர்கள் 100-க்கு 5 பேர்கூட இல்லை. 2022-ல் சிகாகோ சர்வகலாசாலை ஜூலியான் சிச் என்ற பெண்ணை ஆண்கள் கால்பந்தாட்டக் கோஷ்டிக்குத் தலைமைப் பயிற்சியாளராய் வைத்தது. அந்தப் பிள்ளைகள் அவ்வருஷம் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் மூன்றாம் தரக் கல்லூரிகளின் தேசப்பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்தார்கள்.