கமக்காரர் கடலில் இறங்கும்போது

காணியை விட்டு இடம்பெயர்ந்து கரையோரக் கிராமங்களில் குடியிருக்கும் கமக்காரக் குடும்பங்கள் பல, பிழைப்புக்காகக் கடற்றொழிலை நாடுகின்றன. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியோருள் ஒரு பகுதியினருக்குச் செம்மண் தோட்டக் காணி இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. மண்வெட்டி பிடித்த கை வலை பிடிப்பதில் இழிவு எதுவுமில்லை. ஆனால், தொழில் தொடங்க முதலில் படகு வேண்டும் என்ற எண்ணம் தவறானது என்பதே எமது கருத்து. படகுக்காகக் காணி உறுதியை ஈடு வைக்கும் குடும்பம் தன் காணியை இரண்டாம் முறையும் இழக்க நேரிடலாம்.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் உதவி நிறுவனங்கள் ஏராளமான படகுகளை வழங்கின. சில இடங்களில் முன்பிருந்ததிலும் கூடுதலான சிறு படகுகள் சேர்ந்தன. ஆனால் படகோடு செலவு முடிவதில்லை. இயந்திரம், மண்ணெண்ணெய், வலை, திருத்த வேலை என்று அது தொடரும். 2022 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவாக உயர்ந்தது. பரம்பரைத் தொழிலாளரே தடுமாறிய அவ்வேளையில் கடன்பட்டுப் படகு வாங்கிய புதியவர் என்ன செய்திருப்பார்? முதலாளியிடம் முற்பணம் பெற்றவரோ, பிடித்த மீனை அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும்.

அப்படியாயின் எவை தேவை? கரையிலிருந்தும் கடல்நீரேரியின் ஆழங்குறைந்த நீரிலும் தொழில் செய்ய மிகச் சில பொருட்களே போதும்.

முதலாவது, கைத்தூண்டில். நைலோன் நூல், சில அளவுகளில் தூண்டில் முட்கள், ஈயம், நூலைச் சுற்ற ஒரு வெற்றுப் போத்தல். சிறு இறாலே நல்ல இரை.

இரண்டாவது, வீச்சுவலை. விளிம்பில் ஈயக்குண்டு கோத்த வட்ட வலை இது. கண் மிகச் சிறிதான வலையை வாங்காதீர்கள். குஞ்சுகளை அள்ளினால் அடுத்த பருவத்தில் மீன் இராது. வலைக் கயிற்றைக் கையில் இறுக முடியாமல், இழுத்தால் கழலும் சுருக்காகப் போட வேண்டும். தங்கூசி வலை மலிவென்று எவராவது தந்தால் ஏற்காதீர்கள். அது 2006 முதல் தடைசெய்யப்பட்டது.

மூன்றாவது, உடம்பைக் காக்கும் பொருட்கள். பழைய சப்பாத்து, கத்தி, டோர்ச் லைற், குடிநீர், மீன் போட ஒரு உமல். நீருக்குள் காலைத் தூக்கி வைக்காமல் நிலத்தில் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிவிடும். குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூடுள்ள நீரில் காலை அமிழ்த்தி வைத்துவிட்டு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பிறருடைய வள்ளத்தில் பங்காளராகச் செல்பவர் உயிர்காப்பு அங்கியின்றி ஏறலாகாது.

உப்பு இரும்பைத் தின்னும். வெயில் நைலோனைத் தின்னும். ஆகவே ஒவ்வொரு நாளும் யாவற்றையும் நன்னீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

பொருட்களைப் போலவே உள்ளூர் மக்களின் இணக்கமும் அவசியம். கடலுக்கு வேலி இல்லையாயினும் ஒழுங்கு உண்டு. கரைவலைப் பாடுகளும் களங்கண்ணி வலை நிற்கும் இடங்களும் எவரெவருக்கு உரியவை என்பதை அங்குள்ளோர் அறிவர். முதலில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தாரையும் கடற்றொழில் பரிசோதகரையும் கண்டு, எங்கே தொழில் செய்யலாம், என்ன அனுமதி தேவை என்று கேளுங்கள். அனுபவமுள்ள ஒருவருடன் சில வாரங்கள் சென்று பழகுங்கள். எமது வறுமை அவர்களின் உலையில் கை வைப்பதாக அமையக்கூடாது.

உதவி நிறுவனங்களுக்கும் ஒன்று சொல்வோம். பத்துப் பேருக்கு ஒரு படகைக் கொடுத்துப் படம் எடுப்பதிலும், பத்துக் குடும்பங்களுக்குத் தூண்டிலும் வலையும் பயிற்சியும் தருவது பயனுள்ளது.

வாடைக் காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களே காலபோக நெல்லின் மாதங்களும். அப்போது வயல் வேலை தேடலாம். கடல் அடங்கியபின் தூண்டிலை எடுக்கலாம். கமத்தைக் கைவிடாமலே கடலால் அடுப்பெரிக்க இவ்வழி உதவும். உழைப்பில் மிச்சம் பிடித்து, இருவர் மூவர் சேர்ந்து பின்னர் ஒரு வள்ளம் வாங்கட்டும். அதுவரை காணி உறுதி பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். ஊர் திரும்பும் நாளில் நமது உரிமைக்குச் சாட்சி அதுவே.