கதவைத் தட்டும் மருத்துவம்



போடிநாயக்கனூர் மலையடிவாரத்தில் பொழுது புலருமுன்னரே ஜீப்புகளின் இரைச்சல் கேட்கத் தொடங்கிவிடும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாக நம் தாய்மார் அவற்றில் நெருக்கியடித்து ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டுக்கு அப்பால் கேரளப் பகுதியிலுள்ள ஏலத் தோட்டங்களுக்குச் செல்கின்றனர். பகலெல்லாம் குனிந்தும் குத்துக்காலிட்டும் செடியின் அடியில் காய் பறித்து அவர்கள் வீடு திரும்புகையில் விளக்கு வைத்திருப்பார்கள்.

இத்தாய்மாரைத் தேடி வருகிறார் ஒரு சகோதரி. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் என்பது அவருக்கு அரசு தந்த பெயர். தோளிலே ஒரு பை. அதனுள் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் மாத்திரைகளும் ஒரு பதிவேடும் இருக்கும். பகலில் அவர் காண்பதெல்லாம் பூட்டிய கதவுகளே. ஒருநாள் அவர் நம்மிடம் வந்து, “சாமி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஒரு மேசை போட்டுக்கொள்ளட்டுமா? அன்றைக்குத்தான் இவர்களைப் பார்க்க முடிகிறது” என்று கேட்டார். நாமோ, ஆலய முற்றம் மருந்தகம் ஆவதா என்று தயங்கி, இரண்டு வாரம் பதில் கூறாது கடத்தினோம். உள்ளதைச் சொன்னால், அவருடைய பணியைச் சிறு பணியென்றே எண்ணியிருந்தோம்.

மேசை போட்ட முதல் ஞாயிறன்றே, நாற்பது வயதைத் தாண்டிய தாய் ஒருவருக்கு இரத்த அழுத்தம் மிகுதியாக இருக்கக் கண்டார். அத்தாயோ, “எனக்குத் தலைவலிகூட வந்ததில்லையே!” என்று நகைத்தார். ஆயினும் சகோதரி விடவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் தாமே உடன் சென்றார். இன்று அத்தாய் தவறாமல் மாத்திரை உட்கொள்கிறார். நாம் பதில் கூறாதிருந்த அந்த இரு வாரங்களில் அவரைப் பக்கவாதம் தாக்கியிருந்தால்? இக்கேள்வி இன்றும் நம் நெஞ்சை உறுத்துகின்றது.

மருத்துவர் தம்மிடம் வந்தவரை அறிவார். வராதவரை அறிபவர் இச்சகோதரியே. இரத்த அழுத்தமும் நீரிழிவும் ஓசையின்றி உடலை அரிப்பவை. காசநோய்க்கோ பொதுவாக 6 மாதம் மருந்துண்ண வேண்டும். இருமல் நின்றதும் இரண்டாம் மாதத்திலேயே நிறுத்திவிடுவோர் உண்டு. அதனை முதலில் அறியக்கூடியவர், வாசலில் வந்து நின்று, “மாத்திரை தீர்ந்ததா, இருக்கிறதா?” என்று கேட்பவரன்றோ!

இவ்வுண்மையை உலகம் மெல்லத்தான் உணர்ந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதியர் 1970ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட் என்னும் வறண்ட ஊருக்குச் சென்றனர். பெரும்பாலும் எழுத்தறியாத கிராமப் பெண்களுக்கே பிரசவம் பார்க்கவும், குழந்தைகளை எடை பார்க்கவும், தொழுநோயைக் கண்டறியவும் கற்பித்தனர். 1979இல் அவர்களுக்கு மகசேசே விருது கிட்டியது. அதற்கு முந்திய ஆண்டு அல்மா-அட்டா நகரில் கூடிய உலக நாடுகள், மக்கள் வாழும் இடத்திலேயே அடிப்படை மருத்துவம் கிட்ட வேண்டுமென்று அறிவித்தன. நம் நாட்டில் 2005இல் ஆஷா பணியாளர் திட்டம் பிறந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பெற்றது.

இப்பெண்களுக்கு நாம் செய்யும் கைம்மாறு என்ன? 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஆஷா பணியாளர்களுக்கு விருதளித்துப் போற்றியது. 2025 பிப்ரவரியிலோ, நம் மலைக்கு அப்பாலுள்ள கேரளத்தின் ஆஷா சகோதரிகள், மதிப்பூதியத்தை உயர்த்தக் கோரித் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் அமர்ந்தனர். மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் அங்கேயே இருந்தனர். ‘தன்னார்வலர்’ என்று அழைத்துவிடுவதால் ஒருவருடைய அடுப்பு தானே எரிந்துவிடாது.

அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்போம். நாம் செய்யக்கூடியதும் உண்டு. அச்சகோதரி வரும்போது ஒரு நாற்காலி இடுங்கள்; ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள். மாத்திரையை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டு, “சாப்பிட்டுவிட்டேன்” என்று சொல்லாதீர்கள். அவருடைய பதிவேட்டில் ஏறும் பொய், நம் உடலுக்கே கேடாய் முடியும். குடும்பத் தலைவர்களே, “பெண்களைப் பார்த்தால் போதும்” என்று நீங்கள் நழுவிவிடாதீர்கள். ஆலய முற்றமுள்ள பங்குகள் ஞாயிறன்று ஒரு மேசைக்கு இடங்கொடுக்கட்டும். நம்மைப்போல் இரு வாரம் தயங்க வேண்டாம்.

நல்ல சமாரியர் உவமையை நாம் அறிவோம். வழியோரம் அடிபட்டுக் கிடந்தவனைத் தேடிச் சத்திரம் நடந்து வரவில்லை. ஒருவர் குனிந்து தூக்கி, அங்கே கொண்டு சேர்த்தார். நம் மலைச்சரிவுகளில் அவ்வாறு குனிபவர், தோளில் பையுடன் படியேறி வரும் இச்சகோதரியே. அவர் தட்டும்போது கதவைத் திறப்போம்.