டயாலிசிஸ் செய்பவர் கையைத் தூக்கலாம்

டயாலிசிஸ் முடித்து வீடு திரும்புகிறவருக்கு வாசலிலேயே கிடைக்கும் அறிவுரை, "உடம்பை அலட்டிக்காதீங்க, போய்ப் படுங்க" என்பதுதான். அன்பில் சொல்வதுதான். ஆனால் அவர் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் ஏற்கெனவே படுத்திருந்தவர். மிச்ச நாளையும் படுக்கையில் கழித்தால், குளியலறைக்குப் போகவே கைத்தாங்கல் தேவைப்படும் நாள் சீக்கிரம் வந்துவிடும். இந்த அறிவுரை தவறு என்று அழுத்திச் சொல்லவே எழுதுகிறேன். படுக்கையை விட்டு எழுவதற்குப் பொருத்தமான துணை, எட்டு அசைவுகள் கொண்ட சீனத்தின் பாதுவான்ஜின் பயிற்சி.

பெயருக்கு 'எட்டுப் பட்டுத் துண்டுகள்' என்று பொருள். 12-ம் நூற்றாண்டில், சோங் அரச மரபின் காலத்தில் ஹோங் மாய் எழுதிய நூலிலேயே இந்தப் பெயர் வருகிறது. இத்தகைய பயிற்சிகளின் வேர் இன்னும் ஆழமானது. சாங்ஷா நகரின் மாவாங்துய் மேட்டில் கி.மு. 168-ல் மூடப்பட்ட கல்லறை ஒன்று 1973-ல் திறக்கப்பட்டபோது, உடற்பயிற்சி செய்யும் 44 உருவங்கள் தீட்டிய பட்டோவியம் கிடைத்தது. இன்று பலரும் பழகும் வடிவம் 2003-ல் சீன அரசின் விளையாட்டுத் துறை ஒழுங்குபடுத்தியது. எட்டு அசைவுகளையும் செய்து முடிக்கச் சுமார் 12 நிமிடம் ஆகும்.

"இருக்கிற கொஞ்சம் தெம்பையும் செலவழிப்பதா?" என்பார்கள். தெம்பு உண்டியலில் போட்ட காசு அல்ல. எடுக்காமல் வைத்தால் அது மிஞ்சாது. ரத்தத்தில் சேரும் அமிலமும் ஓயாத அழற்சியும் தசையைத் தின்கின்றன. ஒவ்வொரு டயாலிசிஸிலும் 6 முதல் 12 கிராம் அமினோ அமிலம் கழுவப்பட்டுப் போகிறது. அசையாத தசை இன்னும் வேகமாகக் கரையும். இத்தாலியில் 296 டயாலிசிஸ் நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. வீட்டிலேயே மெல்ல நடக்கும் பயிற்சியை ஆறு மாதம் செய்தவர்கள் ஆறு நிமிடத்தில் கடக்கும் தூரம் சராசரியாக 328 மீட்டரிலிருந்து 367 மீட்டராக உயர்ந்தது. பயிற்சி செய்யாதவர்களிடம் ஏறக்குறைய மாற்றமே இல்லை. அது நடைப்பயிற்சி, சீனப் பயிற்சி அல்ல. ஆனால் படுக்கையை விட்டு எழுந்தால் கெடுதல் என்ற அச்சத்துக்கு அதுவே பதில்.

அடுத்த பயம் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் அறுவை செய்து உருவாக்கும் ரத்தக் குழாய் இணைப்பு. கையைத் தூக்கினால் அது கெட்டுவிடும் என்று ஒரு பக்கக் கையையே உடம்போடு ஒட்டி வைத்திருப்பவர்கள் உண்டு. ஃபிஸ்டுலா நன்றாகப் பருக்க ரப்பர் பந்தை அமுக்கச் சொல்வதே மருத்துவர்கள்தான். அந்தக் கைக்கு ஆகாதவை வேறு: பெரும் சுமை, இறுக்கும் வளையல், ரத்த அழுத்தப் பட்டை, தலைக்கு அடியில் மடக்கிப் படுப்பது. வானத்தைத் தாங்குவதுபோல இரு கைகளையும் மெல்ல உயர்த்தும் முதல் அசைவில் இவற்றில் எதுவுமில்லை. ஊசி குத்திய அன்று மட்டும் அந்தக் கைக்கு விடுப்பு கொடுத்தால் போதும்.

"இப்படி மெதுவாகக் கையசைத்தால் என்ன வந்துவிடும்?" என்பது எதிர்ப்பக்கத்து ஏளனம். மெதுவாக இருப்பதால்தான் இது இவர்களுக்குக் கைகூடுகிறது. வில்லை இழுப்பதுபோன்ற இரண்டாம் அசைவைக் குதிரைமேல் அமர்ந்தவரைப்போலக் கால்களை அகட்டி, முழங்காலை மடித்துச் செய்ய வேண்டும். நாற்காலியிலிருந்து பிறர் துணையின்றி எழத் தேவையான தொடைத் தசைக்கு நேரடி வேலை அது. நிற்க முடியாதவர் உட்கார்ந்தே கைகளை மட்டும் அசைக்கலாம். கருவி வேண்டாம், மைதானம் வேண்டாம். டயாலிசிஸ் நோயாளிகளிடம் சீன மருத்துவமனைகளில் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, குறுகிய காலத்தவை. ஆகவே அற்புதம் எதையும் நான் வாக்களிக்கவில்லை.

வாக்களிப்பவர்கள் வேறு இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதற்குத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். ஆறாம் அசைவின் பெயரே 'பாதங்களைப் பற்றிச் சிறுநீரகத்தையும் இடுப்பையும் உறுதியாக்கல்'. எட்டாவது, நூறு நோய் போக்கும் என்கிறது. இதைக் காட்டி, "செயலிழந்த கிட்னி மீண்டும் வேலை செய்யும்" என்று சொல்வது கொடுமை. சீன மருத்துவம் 'ஷென்' என்று சொல்வது எலும்பு, செவி, கருவளம் எல்லாவற்றையும் ஆளும் ஒரு கருத்து. நெஃப்ராலஜிஸ்ட் ஸ்கேனில் பார்க்கும் உறுப்பு மட்டுமல்ல. முழுவதும் கெட்ட சிறுநீரகத்தை எந்த அசைவும் மீட்காது. இதை நம்பி டயாலிசிஸைத் தள்ளிப்போட்டால் உடலில் ஏறும் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும்.

பயிற்சியோடு மூலிகையையும் கொடுத்தால் வாங்காதீர்கள். 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்கச் சீன மூலிகை எடுத்துக்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் அழிந்தது. காரணம் அதில் இருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலம். நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் அந்த அமிலம் கொண்ட மூலிகையின் குடும்பத்துச் செடிதான்.

"ஆபத்து இல்லையா?" என்று கேட்பதில் மட்டும் நியாயம் இருக்கிறது. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், அளவுக்கு மேல் நீர் ஏறிய உடம்பு, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், தொடை இடுக்கில் கதீட்டர் இருந்தால் பயிற்சி கூடாது. டயாலிசிஸ் முடிந்தவுடன் குனிந்து நிமிர்ந்தால் தலைசுற்றும். ஆறாம் அசைவை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம். வயிற்றில் திரவம் நிரப்பும் டயாலிசிஸ் செய்பவர் அந்த அசைவையே விட்டுவிடுவது நல்லது. எலும்பு பலவீனமானவர் குதிகாலைத் தரையில் அதிரவிடும் எட்டாம் அசைவைச் செய்யக் கூடாது. முஷ்டியை இறுக்கும் ஏழாவதில் மூச்சை அடக்கக் கூடாது. அடுத்த முறை டயாலிசிஸுக்குப் போகும்போது, "எனக்கு எந்த அசைவு ஆகும், எது ஆகாது?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சம்மதித்தால் முதல் வாரம் முதல் அசைவு மட்டும் போதும். நாற்காலி ஒன்றும் வீட்டு ஆள் ஒருவரும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.