விண்கலமும் முன்னறிவும்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் திருநாளன்று மாலை ஆறு மணியளவில், 2,668 அடி உயர்ந்த மலையின் உச்சியிலே பெருந்தீபம் ஏற்றப்படும். அதனைக் கண்டு கைகூப்பும் மக்கள் பல இலட்சம் பேர். ஆயினும், கொப்பரையைத் தோளிற் சுமந்து மலையேறியவரையும், நெய்யும் திரியும் முன்னரே கொண்டு சேர்த்தவரையும், மலையுச்சியின் காற்றுக்கும் மழைக்கும் வேண்டுவன எண்ணி வைத்தவரையும் நினைப்போர் சிலரே. செயலின் பயன் கண்ணுக்குத் தெரியும். அதற்கு முன் நின்ற அறிவு கண்ணுக்குத் தெரிவதில்லை.

விண்கலத் துறையிலும் இஃது அவ்வாறே. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. மலைமேல் எரியும் தீபத்திற்கு நெய் வார்க்கவும் திரியைத் தூண்டவும் அருகே ஆள் உண்டு. விண்ணிற் சென்ற கலத்தின் அருகே எவரும் இலர். அங்கே தூண்டுகோலாக நிற்பது, மண்ணில் இருந்தபோதே அதனுள் எழுதி வைத்த கட்டளைத் தொடர் ஒன்றே. அதனை மென்பொருள் என்பர். கலத்தின் கருவிகளுக்குள்ளேயே அமைந்து அவற்றை இயக்குதலின், உட்பொதி மென்பொருள் எனவும் வழங்குவர்.

அதனை ஆக்கும் பொறியாளரின் தொழில் யாது? கருவிக்கு வேலை கற்பித்தல் அத்தொழிலின் ஒரு கூறே. வேலை தவறினால் என் செய்வது எனக் கற்பித்தலே பெருங்கூறு. விண்ணிற் பாயும் கதிர்கள் கணிப்பொறியின் நினைவகத்திற் புகுந்து ஒரு சுழியை ஒன்றாக மாற்றிவிடக் கூடும். ஆதலின், இன்றியமையாத செய்தியை மூன்று படிகளாக எழுதி வைத்து, இரண்டு ஒத்திருப்பதை மெய்யெனக் கொள்ளும் முறை உண்டு. உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஏட்டுச் சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கி உண்மைப் பாடம் கண்டமை இதனோடு ஒப்பிடத்தகும். கட்டளைத் தொடர் இடையிலே நின்றுவிடவும் கூடும். ஆதலின், குறித்த நேரத்திற்குள் ‘நலம்’ என்னும் குறி வாராவிடின், கணிப்பொறியை மீண்டும் தொடங்கச் செய்யும் காவற் கடிகாரம் ஒன்றும் அமைப்பர். இத்துறையில் மூத்த பொறியாளர் எனப்படுபவர் விரைந்து எழுதுபவர் அல்லர். எழுதியதைக் கையிலெடுத்து, ‘இஃது இவ்வாறு நிகழாவிடின்?’ என்று ஓயாது வினவுபவரே ஆவார்.

நற்செயல் தொடங்குங்கால் தீயதை நினைத்தலும் சொல்லுதலும் ஆகா என்பாரும் உளர். தோல்வியை முன்னரே எண்ணுதல் ஊக்கக் குறைவு என்பது அவர் கொள்கை. அக்கொள்கை பொருந்தாது என்பதற்கு நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றே சான்று பகரும்.

2019ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், சந்திரயான்-2 கொண்டு சென்ற விக்ரம் என்னும் இறங்குகலம் நிலவை நெருங்கிற்று. நிலவின் தரைக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் உயரம் வரை குறித்தவாறே சென்றது. அதன்பின் தொடர்பு அற்று, தரையில் மோதி வீழ்ந்தது. காரணம் யாதென இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் ஆராய்ந்தனர். கலத்தின் ஐந்து பொறிகளும் எதிர்பார்த்ததினும் மிகுதியாக உந்தின. அதனால் விளைந்த சிறு வழுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. அவற்றைத் திருத்துதற்குக் கலம் மிக விரைந்து திரும்பவேண்டி நேர்ந்தது. அத்துணை விரைவிற்கு மென்பொருள் இடந்தரவில்லை. இறங்குதற்கு வகுத்த இடமோ 500 மீட்டர் நீளமும் 500 மீட்டர் அகலமுமே உடையது. எழுதியவர் எண்ணிய எல்லையை நிகழ்ச்சி கடந்துவிட்டது.

அடுத்த கலத்தை அமைத்தோர் தம் வினாவையே மாற்றிக்கொண்டனர். ‘எவ்வாறு வெல்லும்?’ என்பதை விடுத்து, ‘எவ்வெவ்வாறு தவறும்? தவறினும் எவ்வாறு தப்பும்?’ என வினவினர். இறங்கும் இடத்தை 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமும் உடையதாக விரித்தனர். பொறிகளை நான்காகக் குறைத்தனர், எரிபொருளை மிகுத்தனர், கால்களை வலுப்படுத்தினர், விரைவை அளக்கும் லேசர்க் கருவி ஒன்றைப் புதிதாகச் சேர்த்தனர், மென்பொருளையும் திருத்தினர். இத்திட்டத்தின் இயக்குநராகிய வீரமுத்துவேல், திருவண்ணாமலைக்கு அண்மையிலுள்ள விழுப்புரத்தைச் சேர்ந்தவர்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள் மாலை, சந்திரயான்-3 இன் இறங்குகலம் 30 கிலோமீட்டர் உயரத்தினின்று இறங்கத் தொடங்கிற்று. நிலவு ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. செய்தி ஒருமுறை சென்று மீள்வதற்கே இரண்டு நொடிக்கு மேலாகும். ஆதலின் மண்ணிலிருந்து கைப்பிடித்து இறக்குதல் இயலாது. அறிஞரெல்லாம் திரையை நோக்கி அமர்ந்திருக்க, கலம் தானே கண்டு, தானே கணித்து, 6 மணி 4 நிமிடத்திற்கு நிலவின் தென்முனையை அடுத்த பகுதியில் இனிது இறங்கிற்று. தோல்வியை எண்ணியோர்க்கே வெற்றி வாய்த்தது.

இனி, முன்னறிவு என்பது வருவன எல்லாவற்றையும் அறிதல் அன்று. அறியாதது வந்தபோது திருத்துதற்கு வழி வைத்தலும் அதன்பாற்படும். அமெரிக்கர் 1977இல் அனுப்பிய வாயேஜர்-1 என்னும் கலம், 2023 நவம்பரில் பொருளற்ற செய்திகளை அனுப்பத் தொடங்கிற்று. அதன் நினைவகச் சில்லு ஒன்று பழுதுற்றிருந்தது. கலமோ 2,400 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஆணை சென்று சேர்தற்கு 22 மணி நேரத்திற்கு மேல் ஆகும். பழுதுற்ற இடத்திலிருந்த கட்டளைகளைப் பகுத்து, நினைவகத்தின் வேறிடங்களில் அமையுமாறு 2024 ஏப்ரலில் திருத்தினர். கலம் மீண்டும் பொருள்படப் பேசிற்று. அனுப்பிய பின்னும் கட்டளையை மாற்றுதற்கு முன்னோர் வழி வைத்திராவிடின் இஃது இயலுமோ?

இப்பண்பு தமிழர்க்குப் புதிதன்று. பண்டைப் புலவர் தம் நூலை அவையில் அரங்கேற்றினர். அவையோர் எழுப்பிய தடைகளுக்கு விடையிறுத்தனர். தடை எழுப்பியவரைப் பகைவரெனக் கருதவில்லை. இக்காலப் பள்ளிகளிலோ விரைந்து விடை கூறும் மாணவன் புகழப்படுகிறான். கூறிய விடையை மீண்டும் ஆராய்பவன் மந்தன் எனப்படுகிறான். இந்நிலை மாறுதல் வேண்டும். வழுவைக் காட்டுவோரை மதித்தலும், தன் வழுவைத் தானே தேடுதலும் கல்வியின் உறுப்புகளாதல் வேண்டும். மண்ணில் இருக்கும்போது கண்ட பிழையை ஒரு கோட்டால் அடித்துத் திருத்தலாம். விண்ணிற் சென்றபின் அதுவே பல்லாண்டு உழைப்பையும் ஒரு நொடியில் அழித்துவிடும்.