பழைய ஓட்டைக்குப் புதிய அடுப்பா?

புது அடுப்பின் விலையைக் கேட்கிறவர்கள் புகைக்குழாயின் விலையைக் கேட்பதில்லை. "சுவரில ஓட்டை ஏற்கெனவே இருக்குத்தானே அண்ணை" என்பார்கள். கிழக்கு ஒன்ராறியோக் கிராமங்களில் பெலட் அடுப்புப் பூட்டுவதும் பரிசோதிப்பதும் என் தொழில். இலையுதிர்காலம் தொடங்கிவிட்டால் இந்தப் பேச்சைக் கேட்காத கிழமை இல்லை. அடுப்பை மாற்றினால் குழாயையும் புதிதாகக் கணக்குப் பார்க்க வேண்டும். வீட்டிலுள்ள குழாயைப் பற்றிக் கேட்டறியாமல் எந்தக் கடையும் அடுப்பை விற்கக் கூடாது.

ரொறன்ரோவை விட்டு லின்ட்சே, பீற்றர்பரோ பக்கம் வீடு வாங்கிப் போகும் எங்களவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நகரத்தைத் தாண்டினால் பல தெருக்களுக்கு இயற்கை வாயு வராது. எண்ணெய், புரொப்பேன் செலவு தாங்காமல் சனம் பெலட்டுக்கு மாறுகிறது. மரத்தூளை இறுக்கி, கால் அங்குலத் தடிப்பில் செய்த சிறு துண்டுகள்தான் பெலட். 40 இறாத்தல் பையாக வரும். அடுப்பின் பெட்டியில் கொட்டிவிட்டால் உள்ளே ஒரு திருகு அளவாக நெருப்புக்குத் தள்ளும். ஒழுங்காகப் பூட்டினால் அருமையான அடுப்பு.

ஆனால் விறகு அடுப்போடு பழகியவர்களின் அனுபவம் இதற்குப் பொருந்தாது. விறகு அடுப்பின் புகை சூட்டினால் தானாக மேலெழும். குழாயில் சிறு வெடிப்பு இருந்தாலும் பெரும்பாலும் அறைக்காற்றுத்தான் உள்ளே இழுபடும். பெலட் அடுப்பில் புகையை வெளியே தள்ளுவது மின்விசிறி. குழாய்க்குள் எப்போதும் அழுத்தம் இருக்கும். இணைப்பில் மயிரளவு இடைவெளி விட்டாலும் சாம்பலும் காபன் மொனொக்சைட்டும் அறைக்குள் வரும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

பழைய அடுப்பின் பின்புறத் துவாரத்துக்கு நேராகத்தான் சுவர் ஓட்டையை வெட்டியிருப்பார்கள். புதிய அடுப்பின் துவாரம் பெரும்பாலும் அதே இடத்தில் இருக்காது. நாலு அங்குலம் கீழே இருக்கும், அல்லது ஒரு பக்கமாக விலகியிருக்கும். அப்போது ஒரு 'ரீ' (T வடிவ இணைப்பு) போட்டு, குழாயை மேலே ஏற்றி, எல்போவால் (வளைவுத் துண்டால்) திருப்பி வெளியே விட வேண்டும். ஒவ்வொரு திருப்பமும் விசிறிக்குச் சுமை. பல கையேடுகளில் உள்ள கணக்கு இது: ஒரு ரீ 5 அடிக்குச் சமம், 90 பாகை எல்போவும் 5 அடி, படுக்கைக் குழாய் அடிக்கு ஒரு அடி, நிமிர்ந்த குழாய் அடிக்கு அரை அடி. ஒரு ரீ, மூன்று அடி ஏற்றம், ஒரு எல்போ, இரண்டடி படுக்கை என்றால் பதின்மூன்றரை. பக்கவாட்டு விலகலைச் சமாளிக்க இன்னொரு எல்போ போட்டால் பதினெட்டரை. 15 அடியைத் தாண்டினால் 3 அங்குலக் குழாய் போதாது, 4 அங்குலம் வேண்டும். பழைய ஓட்டையோ 3 அங்குலக் குழாய்க்கு வெட்டியது. குழாயின் வகையைப் பொறுத்து 1 அல்லது 3 அங்குலத்துக்குள் மரச்சட்டம் எதுவும் வரக்கூடாது என்பதால் ஓட்டையைக் கண்டபடி பெருப்பிக்கவும் முடியாது. ஒரு கொம்பனியின் குழாய் இன்னொரு கொம்பனியின் குழாயோடு பூட்டுப்படுவதும் அரிது. அதைத் தெரிந்துகொண்டும் பிசினைப் பூசி ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

காப்புறுதிக்காகப் பரிசோதிக்கப் போன ஒரு வீட்டில், தள்ளுபடியில் வாங்கிய புது அடுப்பைப் பழைய சுவர்க்குழாயோடு இணைத்திருந்தார்கள். எதனால் தெரியுமா? துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் போடும் வளையக்கூடிய அலுமினியக் குழாயால். அடுப்புக்குப் பின்னால் சுவரெல்லாம் சாம்பல் படிந்திருந்தது. மாடியில் இருந்த காபன் மொனொக்சைட்டு அலாரத்தின் பற்றரியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார்கள். "சும்மா சும்மா அடிக்குது அண்ணை, பிள்ளையள் நித்திரை கொள்ளேலாது" என்றார் வீட்டுக்காரப் பெண். அடுப்பை அணைத்து, யன்னல்களைத் திறக்கச் சொன்னேன். அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த அடுப்பை விற்ற கடையில் ஒருவரும் அவர் வீட்டுச் சுவரைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றும் மனம் கொதிக்கிறது.

2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில் ஹோக்கின்ஸ் குடும்பத்தின் நால்வர், தாய் தகப்பன் இரண்டு பிள்ளைகள், இதே காபன் மொனொக்சைட்டால் இறந்தார்கள். அது பெலட் அடுப்பல்ல, இயற்கை வாயுவில் எரியும் கணப்படுப்பு. அடைபட்டிருந்தது புகைக்குழாய். வீட்டில் அலாரம் இருக்கவில்லை. அவர்கள் பெயரைத் தாங்கிய சட்டம் 2013இல் நிறைவேறி, 2014 ஒக்டோபரிலிருந்து எரிபொருள் எரியும் கருவியோ ஒட்டிய வாகனக் கொட்டகையோ உள்ள ஒன்ராறியோ வீடுகளில் அலாரம் கட்டாயமானது. அந்தச் சட்டம் உயிர் காக்கிறது. ஆனால் அலாரம் அடிப்பது வாயு வந்த பிறகு. வராமல் தடுக்க வேண்டியது குழாய்.

மின்சாரம் போகும் நேரத்தையும் யோசிக்க வேண்டும். 1998 ஜனவரிப் பனிக்கட்டி மழையில் கிழக்கு ஒன்ராறியோவில் பல வீடுகள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. விசிறி நின்றாலும் சட்டியில் கிடக்கும் பெலட் உடனே அணையாது, புகைந்துகொண்டிருக்கும். நேரே வெளியே போகும் பழைய படுக்கைக் குழாயில் அந்தப் புகையை இழுக்க எதுவும் இல்லை. சில அடி நிமிர்ந்த குழாய் இருந்தால் சூடே புகையை மேலே கொண்டுபோகும்.

திண்ம எரிபொருள் அடுப்புப் பூட்ட இங்கே கட்டட அனுமதி வேண்டும். பி365 என்ற கனடியத் தரவிதி இருக்கிறது, விறகு அடுப்புத் துறையின் வெட் (WETT) சான்றிதழ் பெற்ற பரிசோதகர்களும் இருக்கிறார்கள். ஆனால் 'புதுசு இல்லை, மாற்றுத்தானே' என்ற சாட்டில் எல்லாவற்றையும் தாண்டிப் போகிறார்கள். கடைகள் அடுப்பின் விலைச்சீட்டிலேயே குழாயையும் சேர்த்து எழுத வேண்டும், சுவரின் படத்தைப் பார்க்காமல் காசு வாங்கக் கூடாது. நகரசபைகள் மாற்று அடுப்பையும் புது அடுப்பாகவே கணக்கில் எடுக்க வேண்டும்.

இந்த முறை வாங்கப் போகிறவர்கள் தரையிலிருந்து ஓட்டையின் நடுவரை எத்தனை அங்குலம், திறக்கக்கூடிய யன்னல் எவ்வளவு தூரத்தில், குழாயில் எந்தக் கொம்பனியின் பெயர் என்பதை எழுதிக்கொண்டு போங்கள். காசு கட்ட முன்னர் அந்த அடுப்பின் கையேட்டைக் கேட்டு வாங்கி, குழாய் பற்றிய பக்கங்களைப் படியுங்கள். தர மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.